ஒரு டிக்கெட் நின்றுபோகும் இடங்கள்

வெள்ளிக்கிழமை மாலை 5:42. ஒரு கல்லூரி அலுவலகத்திலிருந்து கணினி மையத்துக்கு மின்னஞ்சல் ஒன்று போகிறது. ‘உதவித்தொகை விண்ணப்பப் பக்கத்தில் வருமானச் சான்றிதழை ஏற்ற முடியவில்லை. மாணவர்கள் அலுவலகத்துக்கும் கணினி அறைக்கும் அலைகிறார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை கடைசி நாள். உடனே பார்க்கவும்.’ அனுப்பியவர் அலுவலகக் கண்காணிப்பாளர். மின்னஞ்சல் போய்ச் சேர்ந்ததும் ஹெல்ப் டெஸ்க் மென்பொருள் அதற்கு 4187 என்று ஓர் எண் தருகிறது. இனி அது ஒரு டிக்கெட்.

அந்த டிக்கெட்டின் பயணத்தைப் பிறப்பிலிருந்து முடிவுவரை பின்தொடர்வோம். இந்தக் கல்லூரியும் இந்த எண்ணும் எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொண்டவை. ஆனால் 4187 வழியில் நிற்கப்போகும் இடங்கள் அத்தனையும் உண்மையானவை. ஹெல்ப் டெஸ்க் வேலையில் இருப்பவர்களைக் கேட்டுப்பாருங்கள், இவற்றில் பாதியையாவது நேரில் கண்டிருப்பார்கள். தானாக நடக்க வேண்டிய வேலை தானாகவே நின்றுவிடுகிறது. நின்றது யாருக்கும் தெரிவதில்லை. இந்தத் தொழிலில் மிகுந்த கெடுதல் செய்வது இதுதான். திரையில் சிவப்பு எழுத்தில் பிழைச்செய்தி வந்தால் யாராவது ஓடிவந்து பார்ப்பார்கள். நின்றுபோன டிக்கெட் எந்தச் செய்தியும் காட்டாது.

முன்னோர்கள்

4187இன் குடும்பம் பழையது. மின்னஞ்சலின் வடிவத்தை வரையறுத்த ஆர்.எஃப்.சி. 822 என்ற ஆவணம் 1982இல் வந்தது. ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் ஓர் அடையாள எண், எந்த மின்னஞ்சலுக்கு இது பதில் என்று சொல்ல ஒரு வரி, முந்தைய மின்னஞ்சல்களைக் குறிக்க இன்னொரு வரி என்று அது வகுத்த தலைப்பு வரிகள் இன்றும் நம் மின்னஞ்சல்களில் கண்ணுக்குத் தெரியாமல் பயணம் செய்கின்றன. பதில் எந்த டிக்கெட்டைச் சேர்ந்தது என்று மென்பொருள் கண்டுபிடிக்க அவையும் உதவுகின்றன.

1990இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ரெமெடி நிறுவனம், பெரிய அலுவலகங்களின் புகார்களைக் கணினியில் பதிந்து ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நகர்த்தும் மென்பொருளை விற்றது. 1996இல் ஜெஸ்ஸி வின்சென்ட், தான் படித்துக்கொண்டிருந்த வெஸ்லியன் பல்கலைக்கழகத்தின் தேவைக்காக ‘ரிக்வெஸ்ட் டிராக்கர்’ என்ற மென்பொருளை எழுதத் தொடங்கினார். திறமூலமாக வெளிவந்த அது இன்றும் பல பல்கலைக்கழகங்களில் ஓடுகிறது. அதில் டிக்கெட்டின் நிலைகள் புதியது, திறந்தது, தேங்கியது, தீர்ந்தது என்று போகும். நிற்பதும் வேலையின் ஒரு பகுதி, அதற்கும் ஓர் இடம் வேண்டும் என்பதை அந்த மென்பொருள் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்டிருந்தது.

2007இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் மூன்று நண்பர்கள் ஜென்டெஸ்க்கைத் தொடங்கினார்கள். சொந்த சர்வர் எதுவும் வேண்டாம், உலாவியைத் திறந்தால் போதும் என்ற நிலை வந்தது. அடுத்த பெரிய கிளை சென்னையில் முளைத்தது. ஜோஹோவில் இருந்து வெளியேறிய கிரீஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் 2010இல் ஃப்ரெஷ்டெஸ்க்கைத் தொடங்கினார்கள். அமெரிக்காவிலிருந்து வீட்டுச் சாமான்களோடு வந்த தன் டிவி உடைந்திருந்ததையும், இழப்பீடு கேட்டு மாதக்கணக்கில் அலைந்ததையும், பொதுவெளியில் எழுதிய பிறகே பதில் கிடைத்ததையும் கிரீஷ் பலமுறை சொல்லியிருக்கிறார். அதன் பின்னணியில் பிறந்த நிறுவனம், ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறி, 2021 செப்டம்பரில் நாஸ்டாக் பங்குச்சந்தையில் பட்டியலானது. ஸ்ரீதர் வேம்புவின் ஜோஹோவும் ‘சர்வீஸ்டெஸ்க் பிளஸ்’, ‘ஜோஹோ டெஸ்க்’ என்று தன் பங்குக்கு இரண்டு மென்பொருள்களை உலகெங்கும் ஓடவிட்டிருக்கிறது. ஏதோ ஒரு கண்டத்தில் ஏதோ ஓர் அலுவலகத்தில் யாரோ எழுப்பும் புகார், தமிழ்நாட்டுக் கைகள் எழுதிய விதிகளின் வழியே இந்த நிமிடமும் போய்க்கொண்டிருக்கிறது. அதனால் இது நமக்கு அந்நியமான விஷயம் அல்ல.

வாசல்

4187 முதல் வாசலைத் தாண்டிவிட்டது. எல்லா டிக்கெட்டுக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஹெல்ப் டெஸ்க் மென்பொருள் ஒரு மின்னஞ்சல் பெட்டியைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை திறந்து பார்க்கிறது. புதிதாக வந்திருப்பதை எடுத்து டிக்கெட் ஆக்குகிறது. பெட்டியின் பாஸ்வேர்டை யாராவது மாற்றினால், அல்லது அந்த இணைப்புக்குக் கொடுத்த அனுமதி காலாவதியானால், மென்பொருள் பெட்டியைத் திறக்க முடியாமல் நிற்கும். அனுப்பியவருக்கோ மின்னஞ்சல் போய்விட்டதாகத்தான் தெரியும், ஏனென்றால் அது பெட்டிக்குள் பத்திரமாக விழுந்துவிட்டது.

2022 அக்டோபர் முதல் தேதியிலிருந்து மைக்ரோசாஃப்ட், தன் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் சேவையில் வெறும் பயனர்பெயரும் பாஸ்வேர்டும் கொண்டு அஞ்சலை எடுக்கும் பழைய முறையை நிரந்தரமாக மூடத் தொடங்கியது. பாதுகாப்புக்காக எடுத்த சரியான முடிவு. ஆனால் பழைய முறையிலேயே அஞ்சலை எடுத்துக்கொண்டிருந்த ஹெல்ப் டெஸ்க்குகளுக்கு, இணைப்பை மாற்றியமைக்கும்வரை அஞ்சல் வராது. அப்படிப்பட்ட நாளில் டிக்கெட் பலகை சுத்தமாக இருக்கும். இன்று புகாரே இல்லை என்று, டிக்கெட்டுகளைக் கவனிக்கும் ஏஜென்ட்கள் நிம்மதியாக இருப்பார்கள். வழக்கமாக ஐம்பது டிக்கெட் வரும் நாளில் ஒன்றுகூட வரவில்லை என்றால் முதல் சந்தேகம் வாசல் மீதுதான் விழ வேண்டும். ‘இரண்டு மணி நேரமாகப் புது டிக்கெட் இல்லையென்றால் எச்சரிக்கை அனுப்பு’ என்று ஒரு விதி போதும். அந்த எச்சரிக்கை, நின்றுபோன அதே மின்னஞ்சல் வழியாக வராமல் கைப்பேசிக் குறுஞ்செய்தியாக வர வேண்டும் என்பதுதான் முக்கியம்.

விதிகளின் வரிசை

டிக்கெட் பிறந்த கையோடு விதிகள் அதைச் சூழ்கின்றன. ‘பொருள் வரியில் உதவித்தொகை என்ற சொல் இருந்தால் இணையதளக் குழுவுக்கு அனுப்பு, அவசரம் என்று குறி.’ இந்தக் கல்லூரியில் இது ஏழாவது விதி. மூன்றாவது விதி வேறு: ‘மின்னஞ்சலில் வருவதை எல்லாம் பொதுக் குழுவுக்கு அனுப்பு.’ யாரோ என்றோ, எந்தக் குழுவுக்கும் போகாமல் டிக்கெட் தொங்கக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் போட்டது. 4187 மூன்றாவது விதிக்குப் பொருந்திவிட்டது. பொதுக் குழுவில் போய் விழுந்தது. ஏழாவது விதி அதைப் பார்க்கவே இல்லை.

ஃப்ரெஷ்டெஸ்க்கில் புது டிக்கெட்டுக்கான விதிகளை இரண்டு விதமாக ஓடவிடலாம். முதலில் பொருந்தும் விதியோடு நிறுத்திவிடலாம், அல்லது பொருந்தும் எல்லா விதிகளையும் வரிசையாக இயக்கலாம். எது தேர்வாகியிருக்கிறது என்று பார்க்காமல் எழுதிய விதி, சரியாகவே எழுதப்பட்டிருந்தாலும் ஓடாமல் போகலாம். விதியின் வாசகத்தைத் திரும்பத் திரும்பப் படித்து என்ன பயன்? அதற்கு மேலே இருக்கும் ஆறு விதிகளையும் படித்தால்தான் விடை கிடைக்கும். குறுகிய நிபந்தனை மேலே, எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளும் நிபந்தனை கடைசியில். இந்த ஒரு ஒழுங்கைக் கடைப்பிடித்தாலே பல டிக்கெட்டுகள் வழிதவறாமல் போகும்.

இதோடு சேர்ந்த இன்னொரு நிறுத்தமும் உண்டு. ஒரு விதி டிக்கெட்டின் குழுவை மாற்றுகிறது. ‘குழு மாறினால் அந்தக் குழுத் தலைவருக்குச் சொல்’ என்று இன்னொரு விதி காத்திருக்கிறது. மனிதர் மாற்றினால் அது ஓடுகிறது, விதி மாற்றினால் ஓடுவதில்லை. ஜிரா என்ற மென்பொருளின் ஆட்டோமேஷனில் இதற்கென்றே ஒரு பெட்டி இருக்கிறது: மற்ற விதிகள் செய்யும் மாற்றங்களும் இந்த விதியைத் தூண்டலாமா என்று கேட்கும். அது இயல்பாகத் தேர்வு செய்யப்படாமல்தான் இருக்கும். விதி ஒன்று விதி இரண்டைத் தூண்ட, இரண்டு மறுபடி ஒன்றைத் தூண்ட, முடிவே இல்லாமல் சுழல்வதைத் தடுக்க வைத்த காவல் அது. காவல் நல்லதுதான். ஆனால் அப்படி ஒன்று இருப்பது தெரியாதவருக்கு, கையால் சோதித்தால் ஓடும் விதி நிஜத்தில் ஓடாமல் இருப்பது மாயமாகவே தோன்றும்.

கடிகாரம்

4187க்கு முதல் பதில் சொல்ல நான்கு வேலை மணி நேரம் என்பது கணினி மையம் கொடுத்திருக்கும் வாக்கு. இந்தக் கெடுவைத்தான் எல்லோரும் எஸ்.எல்.ஏ. என்கிறார்கள். திங்கள் முதல் வெள்ளிவரை காலை 9 முதல் மாலை 6 வரை வேலை நேரம். வெள்ளி மாலை 5:42க்கு வந்த டிக்கெட் அன்று 18 நிமிடத்தைச் செலவழிக்கும். மீதி 3 மணி 42 நிமிடம் திங்கள் காலை 9 மணிக்குத் தொடங்கும். ஆகவே கெடு திங்கள் பகல் 12:42.

ஆனால் வெள்ளி இரவு 9:42க்கே ‘கெடு தவறிவிட்டது’ என்று மேலாளருக்கு மின்னஞ்சல் போயிருக்கிறது. பூட்டிய அலுவலகத்துக்கு அவசரச் செய்தி!

காரணம் மென்பொருளின் நேர மண்டலம். அமைப்பில் 9 முதல் 6 என்று சரியாகத்தான் போட்டிருந்தார்கள். ஆனால் நேர மண்டலம் யு.டி.சி. (உலகப் பொது நேரம்) என்றே விடப்பட்டிருந்தது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னே ஓடுகிறது. யு.டி.சி. காலை 9 என்றால் நமக்குப் பிற்பகல் 2:30. அங்கே மாலை 6 என்றால் நமக்கு இரவு 11:30. டிக்கெட் வந்த மாலை 5:42 மென்பொருளுக்குப் பகல் 12:12. அதிலிருந்து நான்கு மணி நேரத்தை இடைவெளி இல்லாமல் எண்ணி முடித்துவிட்டது.

இந்தத் தவறின் மறுபக்கம் காலையில் வெளிப்படும். திங்கள் காலை 9:15க்கு வரும் டிக்கெட்டுக்குப் பிற்பகல் 2:30வரை கடிகாரமே ஓடாது. வேலை நேரத்தைப் பார்த்து இயங்கும் எச்சரிக்கைகள் எல்லாம் காலை முழுவதும் உறங்கிக் கிடந்து, 2:30க்குப் பிறகு எழும். ‘நம்ம ஆட்டோமேஷன் மத்தியானத்துக்கு மேலதான் வேலை செய்யும்’ என்று அலுவலகத்தில் யாராவது சொன்னால் அதைச் சிரித்துத் தள்ளக் கூடாது. மிகத் துல்லியமான நோய்க்குறி அது. நேர மண்டலத்தைத் திறந்து பாருங்கள். கூடவே விடுமுறைப் பட்டியலையும் பாருங்கள். பொங்கல் நாட்கள் அதில் சேர்க்கப்படாவிட்டால் அந்த நாட்களிலும் கெடு ஓடிக்கொண்டிருக்கும். வேறொரு நாட்டின் பட்டியல் தேர்வாகியிருந்தால் நாம் வேலை செய்யும் நாளில் கடிகாரம் விடுமுறை எடுத்துக்கொள்ளும்.

பெண்டிங்

திங்கள் காலை 11:10. ஏஜென்ட் ஒருவர் 4187ஐ எடுக்கிறார். ‘எந்த பிரவுசர் மேடம்? பிழைச்செய்தி வரும் திரையைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா?’ என்று எழுதிவிட்டு டிக்கெட்டைப் பெண்டிங் நிலையில் வைக்கிறார். முறையான செயல். பந்து இப்போது கேட்டவர் பக்கம், அதனால் எஸ்.எல்.ஏ. கடிகாரமும் நிற்கிறது. ஃப்ரெஷ்டெஸ்க்கில் பெண்டிங்கின் இயல்பே அதுதான். பதில் வந்தால் டிக்கெட் தானாகத் திறக்கும், கடிகாரம் விட்ட இடத்திலிருந்து ஓடும்.

பதில் வந்தது. அன்று பிற்பகலே வந்தது. கண்காணிப்பாளர் பிழையைத் தன் கைப்பேசியில் படம் எடுத்து, அங்கிருந்தே தன் சொந்த மின்னஞ்சல் முகவரியில் புது மின்னஞ்சலாக அனுப்பினார். பழைய மின்னஞ்சலைத் தேடி ‘ரிப்ளை’ அழுத்தவில்லை. அவர் அப்படிச் செய்ததில் எந்தத் தப்பும் இல்லை, மனிதர்கள் அப்படித்தான் அனுப்புவார்கள். ஆனால் அந்த மின்னஞ்சலில் முந்தையதன் அடையாள வரி இல்லை. பொருளில் 4187 என்ற எண் இல்லை. முகவரியும் வேறு. மென்பொருளுக்கு அது முன்பின் தெரியாத ஒருவரின் புதுப் புகார். 4231 என்று எண் கொடுத்துப் பொதுக் குழுவில் போட்டது. ‘படம் இணைத்துள்ளேன்’ என்ற ஒற்றை வரியோடு வந்த 4231ஐ எடுத்தவருக்கு எதற்கான படம் என்று புரியவில்லை. அவரும் ‘விவரமாக எழுதவும்’ என்று கேட்டுவிட்டுப் பெண்டிங்கில் வைத்தார்.

இப்போது ஒரே துயரத்துக்கு இரண்டு டிக்கெட். இரண்டும் நின்றுகொண்டிருக்கின்றன. இரண்டின் கடிகாரமும் நின்றுவிட்டதால் அறிக்கையில் எல்லாம் பச்சை.

இதற்கு நேர் எதிரான விபத்தும் அடிக்கடி நடக்கிறது. டிக்கெட் பெண்டிங்கில் இருக்கும்போது, கேட்டவரின் ‘நான் விடுப்பில் இருக்கிறேன்’ என்ற தானியங்கிப் பதில் வந்து விழும். மென்பொருள் அதை உண்மையான பதில் என்று எண்ணி டிக்கெட்டைத் திறந்துவிடும். திறந்ததைச் சொல்ல அது ஒரு மின்னஞ்சல் அனுப்பினால், அதற்கும் தானியங்கிப் பதில் வரக்கூடும். 2004இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 3834, தானாகப் போகும் பதில்கள் ‘நான் தானியங்கி’ என்று தலைப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றும், அப்படிப்பட்ட அஞ்சலுக்குத் தானியங்கிகள் பதில் சொல்லக் கூடாது என்றும் வகுத்தது. அதை மதிக்காத அஞ்சல் அமைப்புகள் இன்னும் இருக்கின்றன. அதனால் டிக்கெட் காரணமில்லாமல் விழித்தெழுந்தால், எழுப்பிய மின்னஞ்சலின் தலைப்பு வரிகளைத் திறந்து படிப்பதுதான் முதல் வேலை.

மணிக்கொரு சுற்று

பெண்டிங்கில் கிடக்கும் டிக்கெட்டை யார் எழுப்புவது? ஒரு செயல் நடந்ததும் ஓடும் விதிகளால் முடியாது. பெண்டிங்கில்தான் எந்தச் செயலும் நடப்பதில்லையே. அதற்காகத்தான் நேரத்தைப் பார்த்து ஓடும் விதிகள் இருக்கின்றன. யூனிக்ஸ் கணினிகளில் குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கிவைக்கும் கிரான் என்ற நிரல் 1970களிலிருந்தே இருக்கிறது. ரிக்வெஸ்ட் டிராக்கரில் தேங்கிய டிக்கெட்டுகளைத் தேடி எழுப்ப இன்றும் கிரானைத்தான் துணைக்கு அழைக்கிறார்கள். ஜென்டெஸ்க்கில் இந்த வகை விதிகள் மணிக்கு ஒருமுறை சுற்றி வருகின்றன. ஃப்ரெஷ்டெஸ்க்கிலும் இவை மணிநேர விதிகளே.

இந்தச் சுற்றைப் புரிந்துகொள்ளாததால் வரும் குழப்பம் கொஞ்சமல்ல. ‘24 மணி நேரம் ஆனதும் நினைவூட்டு’ என்று எழுதிவிட்டு, 24 மணி 10 நிமிடத்தில் நினைவூட்டல் போகவில்லையே என்று பதறுகிறார்கள். அடுத்த சுற்று வரும்வரை அது போகாது. ஜென்டெஸ்க்கில் ஒரு விதி ஒரு சுற்றில் ஆயிரம் டிக்கெட்டுகளைத்தான் தொடும். அதற்கு மேல் இருப்பவை அடுத்த மணிக்குக் காத்திருக்கும். இன்னொரு நுட்பம் நிபந்தனையில் இருக்கிறது. ‘பெண்டிங் ஆகி 24 மணி நேரம்’ என்று சரிசமமாகக் கேட்டால், ஒரு சுற்று தவறும்போது எண்ணிக்கை 25க்குப் போய்விடும்; பிறகு அந்த விதி அந்த டிக்கெட்டைத் தொடவே தொடாது. ‘24க்கு மேல்’ என்று கேட்டால் தப்பிக்கலாம். ஆனால் அப்போது மணிக்கொரு நினைவூட்டல் போய்க்கொண்டே இருக்கும். அதனால் முதல்முறை ஓடும்போதே டிக்கெட்டில் ‘நினைவூட்டியாயிற்று’ என்று ஒரு குறிச்சொல் ஒட்ட வேண்டும். அந்தக் குறிச்சொல் இல்லாதவற்றை மட்டும் தொடு என்று நிபந்தனையில் சேர்க்க வேண்டும். இந்த இரண்டு வரிகளும் சேர்ந்தால்தான் நேர விதி முழுமையாகும்.

நம் கல்லூரியில் நேர விதி ஒழுங்காகவே ஓடியது. பெண்டிங் ஆகி 72 மணி நேரம் கடந்ததும், வியாழன் காலை 11:25க்கு, 4187ஐ அது முடித்துவைத்தது. கண்காணிப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் போனது: ‘உங்களிடமிருந்து பதில் வராததால் இந்த டிக்கெட் முடிக்கப்படுகிறது.’

பதில் சொன்ன ஒருவரைப் பார்த்து நீங்கள் பதில் சொல்லவில்லை என்று சொல்வதைவிடப் பெரிய அவமதிப்பு இந்தத் தொழிலில் இல்லை. எந்த விதியும் பிழையாக ஓடவில்லை, எந்த ஏஜென்ட்டும் அலட்சியம் காட்டவில்லை. ஆனாலும் மறுநாள் கடைசி நாள்.

பதிவைப் படித்தல்

கண்காணிப்பாளர் தொலைபேசியை எடுக்கிறார். ‘சார், நான் திங்கக்கிழமையே படம் எடுத்து அனுப்பிட்டேனே!’ எதிர்முனையில் இருப்பவர் அந்த வார்த்தையை நம்புகிறார். சரிசெய்தல் தொடங்குவது அந்த நம்பிக்கையில்தான். அவர் 4187இன் நடவடிக்கைப் பதிவைத் திறக்கிறார்:

வெள்ளி 17:42 – டிக்கெட் உருவானது.
வெள்ளி 17:42 – விதி 3 ஓடியது, குழு: பொது.
வெள்ளி 21:42 – முதல் பதில் கெடு தவறியது, மேலாளருக்கு அறிவிப்பு.
திங்கள் 11:10 – ஏஜென்ட் பதில், நிலை: பெண்டிங்.
வியாழன் 11:25 – மணிநேர விதி ஓடியது; நிலை: ரிசால்வ்டு.

ஐந்து வரிகளில் முழு வரலாறும் இருக்கிறது. இரண்டாவது வரி, ஏழாவது விதி ஏன் ஓடவில்லை என்று சொல்கிறது. மூன்றாவது வரி, கடிகாரம் தவறு என்று சொல்கிறது. நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் இடையே ஒன்றும் இல்லை, அந்த வெறுமைதான் மிக முக்கியமான சாட்சி. பதில் அனுப்பினேன் என்று அவர் சொல்கிறார், பதிவில் பதில் இல்லை. அப்படியானால் அந்தப் பதில் வேறெங்கோ இருக்கிறது. அனுப்பியவரின் பெயரைத் தேடுகிறார். 4231 கிடைக்கிறது. இரண்டையும் இணைக்கிறார். மூன்று நிமிட வேலை.

தேடலுக்கு ஒரு வரிசை உண்டு, அதை மாற்றாமல் போவது நல்லது. மின்னஞ்சல் உள்ளே வந்ததா? வந்தது சரியான டிக்கெட்டில் சேர்ந்ததா? எந்த விதி தொட்டது, எது தொட்டிருக்க வேண்டும், அதற்கு முன்னால் வேறொரு விதி குறுக்கிட்டதா? கடிகாரம் எந்த ஊர் நேரத்தில் ஓடுகிறது? இப்போது இருக்கும் நிலையில் டிக்கெட் யாருக்காகக் காத்திருக்கிறது? நடுவிலிருந்து தொடங்கி விதியைத் திருத்துகிறவர்கள் பெரும்பாலும் புதுப் பிழையைத்தான் உண்டாக்குகிறார்கள். பதிவைப் படிக்காமல் விதியில் கை வைக்கக் கூடாது.

ஒப்புதல்

படத்தைப் பார்த்ததும் இணையதளக் குழுவுக்குக் காரணம் பிடிபட்டுவிடுகிறது. அந்தப் பக்கம் பி.எச்.பி. மொழியில் எழுதப்பட்டது. பி.எச்.பி.யில் ஒரு கோப்பின் அளவுக்கு இயல்பான உச்சவரம்பு 2 எம்.பி. மாணவர்கள் கைப்பேசியில் ஸ்கேன் செய்த வருமானச் சான்றிதழ்கள் அதைத் தாண்டுகின்றன. அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றினால் தீர்ந்தது. ஆனால் சர்வர் அமைப்பை மாற்ற ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் கோரிக்கை தானாகவே கிளம்புகிறது.

இது கடைசி நிறுத்தம். கோரிக்கை போனது பழைய கணினி மையத் தலைவரின் கணக்குக்கு. அவர் இடமாற்றலாகிப் போய்விட்டார், கணக்கும் முடக்கப்பட்டுவிட்டது. மென்பொருளோ அவருடைய பதிலுக்காகக் காத்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட்டின் பவர் ஆட்டோமேட் போன்ற கருவிகளில் ஓர் ஓட்டம் அதிகபட்சம் 30 நாட்கள்தான் உயிரோடு இருக்கும். அதற்குள் ஒப்புதல் வராவிட்டால் ஓட்டம் காலாவதியாகிவிடும். 31ஆம் நாள் ‘சரி’ என்று அழுத்தினாலும் எதுவும் நகராது. சர்வீஸ்நௌ மென்பொருளில் இன்னொரு சிக்கல்: ஏற்கெனவே ஓடத் தொடங்கிய வொர்க்ஃப்ளோ, தான் தொடங்கியபோது இருந்த வடிவத்திலேயே தொடரும். இன்று ஒப்புதல் தருபவரின் பெயரை மாற்றினால் நாளைய டிக்கெட்டுகள் சரியாகப் போகும். நேற்று நின்றது நின்றபடியே இருக்கும். அதைத் தனியாக நிறுத்தி மறுபடி தொடங்க வேண்டும்.

ஒப்புதலை ஒரு நபரின் பெயரில் கட்டாமல் பதவியின் பெயரிலோ குழுவின் பெயரிலோ கட்ட வேண்டும். ஒரு நாளில் பதில் இல்லையென்றால் அடுத்தவருக்குப் போக வேண்டும். வியாழன் மாலை புதுத் தலைவரிடம் நேரில் சென்று ஒப்புதல் வாங்கினார்கள். வரி மாறியது. சான்றிதழ்கள் ஏறத் தொடங்கின. 4187 மறுபடி ரிசால்வ்டு ஆனது, இந்த முறை உண்மையாக. ஃப்ரெஷ்டெஸ்க்கில் தயாராகவே வரும் ஒரு மணிநேர விதி, தீர்ந்த டிக்கெட்டை 48 மணி நேரத்துக்குப் பிறகு மூடிவிடும். அதுவரை கேட்டவர் ‘இன்னும் சரியாகவில்லை’ என்று சொல்ல வாய்ப்பு இருக்கிறது.

நிறுத்தத்துக்கு ஒரு முகவரி

டிக்கெட் நிற்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. கேட்டவரின் பதிலுக்காக, உதிரிபாகத்துக்காக, ஒப்புதலுக்காக நின்றுதான் ஆக வேண்டும். அந்த நேரத்தை ஏஜென்ட்டின் கணக்கில் ஏற்றுவது நியாயமும் அல்ல. ஆனால் கடிகாரத்தை நிறுத்தும் வசதி கையில் இருக்கும்போது அதைத் தவறாகப் பயன்படுத்தும் ஆசையும் வரும். கெடு நெருங்கும்போது ‘மேலும் விவரம் தேவை’ என்று ஒரு வரி எழுதிப் பெண்டிங்கில் தள்ளிவிடலாம். மாத அறிக்கையில் நூற்றுக்கு நூறு கெடு காப்பாற்றப்பட்டிருக்கும், கேட்டவர் கொதித்துக்கொண்டிருப்பார். இந்தத் தொழிலில் இப்படிப்பட்ட அறிக்கையைத் தர்பூசணி என்பார்கள்: வெளியே பச்சை, உள்ளே சிவப்பு. அதைக் கண்டுபிடிக்க ஒரு வழிதான். நிறுத்திவைத்த நேரத்தையும் சேர்த்து, கேட்டவர் கேட்டதிலிருந்து தீர்ந்தது வரை மொத்தம் எவ்வளவு நேரம் என்று தனியாக அளக்க வேண்டும். காத்திருப்பவரின் கடிகாரத்தில் பெண்டிங் என்று ஒன்று கிடையாது.

ஒவ்வொரு நிறுத்தமும் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: யாருக்காக நிற்கிறது, எதற்காக நிற்கிறது, எதுவரை நிற்கும். இந்த மூன்றையும் கட்டாயப் புலங்களாக வைக்க பெரும்பாலான மென்பொருள்களில் ஏதோ ஒரு வழி இருக்கிறது. நிரப்பாமல் பெண்டிங்குக்குப் போகவே விடாதீர்கள். பொதுவான ஒற்றைப் பெண்டிங்குக்குப் பதிலாக, கேட்டவரின் பதிலுக்காக, வெளி நிறுவனத்துக்காக, ஒப்புதலுக்காக என்று தனித்தனி நிலைகள் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி நேர விதி எழுதுங்கள். தானாக முடித்துவைக்கும் விதி ஓடும் முன், அதே நபரிடமிருந்து வேறு டிக்கெட் வந்திருக்கிறதா என்று ஒரு மனிதர் பார்க்கட்டும். வாரம் ஒருமுறை, மிக நீண்ட நாளாக நிற்கும் இருபது டிக்கெட்டுகளை எடுத்துக் குழுவாக உட்கார்ந்து வாய்விட்டுப் படியுங்கள். விதிகள் கண்டுபிடிக்காததை அந்த அரை மணி நேரம் கண்டுபிடிக்கும்.

ஆட்டோமேஷன் செய்யக்கூடியது ஒரு வேலையை மறக்காமல் நினைவில் வைத்திருப்பது. எதை நினைவில் வைக்க வேண்டும் என்று நாம் எழுதிக்கொடுத்தால்தான் அது வைத்திருக்கும். விதி எழுதுபவர் திரையில் பார்ப்பது நிபந்தனைகளும் நிலைகளும்தான். அந்த நிபந்தனையின் மறுமுனையில் கல்லூரிக் கட்டணம் கட்ட வழியில்லாத ஒரு மாணவரின் உதவித்தொகை நிற்கிறது என்று தெரிந்து எழுதினால், ‘எதுவரை’ என்ற புலத்தைக் காலியாக விட மனம் வராது.